பின்னால் வரும் வேன்

பயிற்சியாளர் மலர்க்கொடி ஒரு காலத்தில் சுகிர்தாவோடு ஓடித் தோற்றவர். வயதிலும் இளையவர். அதனால் இங்கே குருதான் சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார்.

சுகிர்தா தேசிய மாரத்தான் சாம்பியன். ஆனால் கடைசி இரண்டு பந்தயங்களிலும் முப்பதாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டாள். அடுத்த மாதம் இந்திய அணிக்குத் தேர்வு. இதை விட்டால் அவள் வயதுக்கு இன்னொன்று கிடைக்காது.

"நான் ஓடலைங்க கோச். பேரை எடுத்துருங்க."

"என்னாச்சுக்கா?"

"முப்பது தாண்டுனா, இனிமேல் உன்னால முடியாதுன்னு மனசு சொல்லுது. அது நெசமா பொய்யான்னு தெரியலைங்க."

"எடுத்துரலாம். அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமை ஒரு உதவி பண்ணுங்க."

கோவையில் அன்று பொதுமக்களுக்கான மாரத்தான். ஓட முடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொள்ள, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். அதில் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். சாம்பியனுக்கு நல்ல வேலைதான். சுகிர்தா கடுகடுவென்று போய் உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு வங்கி ஊழியர் ஏறினார். "செத்தேன்" என்று சீட்டில் சாய்ந்தார். தண்ணீர் குடித்தார். மூச்சு சீரானது. முன்கண்ணாடி வழியே, இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு தொப்பைக்காரரைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்து ஏறிய கல்லூரிப் பெண்ணும் அதையே சொல்லி அழுதாள். அதற்கடுத்து ஏறியவர்களும் அப்படியே. கணுக்கால் வீங்கி ஏறிய ஒருவர் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஐஸ் இருக்கிறதா என்றார். அடுத்த ஓட்டம் எப்போது என்றும் கேட்டார்.

வேனை விட்டு இறங்கியதும் சுகிர்தா நேராக மைதானத்துக்கு வந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

"பேரை எடுத்துட்டீங்களா கோச்?"

"இன்னும் இல்லக்கா. வேன்ல என்ன பேசிக்கிட்டாங்க?"

"கால் வீங்குனவரைத் தவிர எல்லாரும் ஒண்ணேதான் சொன்னாங்க. இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம்னு. நானும் ரெண்டு தடவையும் நின்னு வேன்ல ஏறுனப்போ அதையேதான் நெனச்சேனுங்க."

மலர்க்கொடி தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஏறியிருக்கலாம்னு யாராச்சும் சொன்னாங்களாக்கா?"

சுகிர்தா குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள்.