கழுவி வைத்த பானை

நொச்சியாற்றங்கரையில் ஒரு சிறு மடம். அதன் தலைவி வடிவம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்தெட்டு. அந்த வட்டாரத்திலேயே விவசாய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் ஊர் அவரை ஆபீசர் ஐயா என்றுதான் கூப்பிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் பங்குனியில் கீழூரில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் உப்பு அதிகம், அதில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்ததுதான் காரணம் என்றார் டாக்டர். தாய் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்திருந்தாள். கொதித்தால் கிருமி சாகும். இந்த உப்பு சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பாவம், அதை அவளுக்கு யார் சொன்னார்கள்.

ஊர்க் கிணறு ஆற்றுப் படுகையில் இருப்பது. அப்படியானால் ஆறு கெட்டிருக்கிறது. யார் கெடுத்தது என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. தை மாதம் விழுப்புரம் பக்கமிருந்து எத்திராஜ் என்பவர் எண்ணூறு வாத்துகளை ஓட்டி வந்து, ஆற்றோரம் பட்டி போட்டிருந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த வருடம் அது வாத்துக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் ஒரு காகிதத்தோடு மடத்துக்கு வந்தார். மேலே, ‘ஆற்று நீர் கெட்டதற்குக் காரணம்’ என்று எழுதி இடம் விட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஓர் இடம்.

“ஆபீசர் ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டா யாரும் எதிர்த்துப் பேச முடியாது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல வாசிச்சிட்டு, அன்னைக்கே பட்டியக் காலி பண்ணிருவோம்.”

அவர் போன சிறிது நேரத்தில் எத்திராஜ் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“கோடை மழை பெய்யற வரைக்கும் எங்கயும் தண்ணி இல்லீங்க சாமி. இப்ப ஓட்டுனா பாதி வாத்து வழியிலயே செத்துப்பூடும். பொண்டாட்டி வேற மாசமா இருக்கறா.”

ஆவுடையப்பன் வடிவம்மையிடம் போனார்.

“யார் செஞ்சதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்க?”

“தண்ணியக் கேளுங்க. அதுக்கு யார் மேலயும் பகை கிடையாது.”

திங்கட்கிழமை விடியற்காலையில் சோதனைக் கருவியையும் பத்துப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு அவர் ஆற்றோடு நடந்தார். லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. வாத்துப் பட்டிக்குக் கீழே அறுபத்திரண்டு. பட்டிக்கு மேலே அறுபது. இன்னும் மேலே, வயல்களையெல்லாம் தாண்டி, மலையடிவாரச் சுனையில் வெறும் ஐந்து. மறுபடியும் பார்த்தார். ஐந்துதான். சுனைத் தண்ணீரை ஒரு குடம் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

“வாத்து ரெண்டுதான் கூட்டியிருக்கு. மிச்சமெல்லாம் வயக்காட்டுல இருந்து வருது. இந்தக் கோடையில ஆத்துல ஓடுறதே ரெண்டு கரையிலயும் கசியுற தண்ணிதானே. ஆனா எந்த வயல்னு தெரியல.”

“சுனைத் தண்ணி எவ்வளவு இருக்கு?”

“ஒரு குடம்.”

“பாதிய அந்தப் பிள்ளைக்குக் கொண்டு குடுத்துட்டு வாங்க. பெறகு கணக்குப் போடலாம்.”

கொண்டு கொடுத்தார். குழந்தையின் தாய் இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

“நீங்க நல்லா இருக்கணும் ஐயா. ஊர்ல எல்லாரும் சண்டைக்குத்தான் ஆள் சேக்காங்க. நீங்கதான் தண்ணி கொண்டாந்தீங்க.”

அது அவருக்கு இனிப்பாக இருந்தது. திரும்பி வரும்போது நடையிலேயே அது தெரிந்தது.

செவ்வாயும் புதனும் ஆற்றோர வயல் கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதிகம் மாசிலாமணியின் கிணற்றில்தான். தொண்ணூற்று நான்கு. மாசிலாமணியோ, உரமே போடாமல் விவசாயம் செய்கிறவர் என்று பெயரெடுத்தவர்.

“உண்மையச் சொல்லுங்க. யூரியா போடுதீங்களா இல்லையா?”

“பதினெட்டு வருசமா ஒரு பிடி போட்டதில்ல ஐயா. எங்கப்பா காலத்துல போட்டதுதான். அது உங்களுக்குத் தெரியாததா?”

ஆவுடையப்பன் புட்டியை மூடினார். மடத்துக்கு வந்து சேரும்போது கோபம் தலைக்கேறியிருந்தது.

“மாசிலாமணி பொய் சொல்லுதார்மா. ஊருக்கெல்லாம் இயற்கை விவசாயம்னு சொல்லிக்கிட்டு, ஒளிச்சு வச்சு மூட்டை போடுதார். அவர் பேரத்தான் எழுதப் போறேன்.”

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அடுப்படியில முன்னால உப்பு வச்சிருந்த மண்பானை எங்க?”

“கிணத்தடியில கவுத்தி வச்சிருக்கேன். தை மாசம் ஜாடி வந்ததுல இருந்து அது சும்மாதான் கெடக்கு.”

“மிச்சமிருக்கிற சுனைத் தண்ணிய அதுல ஊத்தி மூடி வைங்க. நாளைக்குக் காலையில குடிக்கணும்.”

நாளை விட்டால் வெள்ளிக்கிழமை. இந்த நேரத்தில் பானையாவது தண்ணீராவது என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் ஊற்றி வைத்தார்.

வியாழக்கிழமை காலை வடிவம்மை ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு அவரிடம் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் ஆவுடையப்பன் முகத்தைச் சுளித்தார்.

“கரிக்குது.”

“சுனைத் தண்ணிதானே?”

“அதேதான். நானே ஊத்தினேன்.”

“உப்பு யாரு போட்டா?”

“யாரும் போடல. பானைய நானே மூணு தடவ கழுவித்தான் கவுத்தினேன்.”

“அப்ப பானை பொய் சொல்லுதா?”

ஆவுடையப்பன் பானையைப் பார்த்தார். ராத்திரி முழுக்கத் தண்ணீர் நின்ற பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டார். துடைத்தார். துடைத்த இடம் ஈரமாகவே இருந்தது. பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“முப்பத்தோரு வருசத்துக்கு முன்னால, மாசிலாமணியோட அப்பா வயல்லதான் நான் மாதிரி வயல் போட்டேன்” என்றார்.

வடிவம்மை டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போடணும்னு அட்டவணையில இருந்தது.”

“நீங்க?”

“நாலு போடச் சொன்னேன். ஜில்லாவுலயே அதிக மகசூல்னு எனக்குக் கேடயம் குடுத்தாங்க. மறுவருசம் ஆத்தோரம் பூராவும் நாலு மூட்டை. பெறகு அதுவே வழக்கமாப் போச்சு.”

“யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

“மாசிலாமணியோட அப்பா கேட்டார். பயிர் தின்னது போக மிச்சம் எங்க போகும்னு கேட்டார்.”

“என்ன சொன்னீங்க?”

“மண்ணு பாத்துக்கிடும்னு சொன்னேன்.”

“பாத்துக்கிட்டுதான் இருந்திருக்கு” என்றார் வடிவம்மை.

கிணற்றடியில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, சிந்திய தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.

“இந்தப் பானை இன்னும் எத்தனை நாள் கரிக்கும்மா?”

“உப்பு இருந்தது பதினோரு வருசம். நீங்க கழுவினது மூணு தடவ.”

ஆவுடையப்பன் மடியிலிருந்து தலைவர் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கூட்டத்துக்கு அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். எத்திராஜும் வருவார். நீங்க நல்லா இருக்கணும் ஐயா என்று கும்பிட்ட கைகளை அவர் நினைத்துக்கொண்டார்.

“வாத்து இல்லைன்னு எழுதிருவேன்மா. அதுல சந்தேகமில்ல. ஆனா சும்மா இல்லைன்னு எழுதினா ஊர் விடாது. அப்ப யாருன்னு கேக்கும். மூட்டை போட்டவங்க நூறு பேர். பாதிப் பேர் உயிரோடயே இல்ல. நான் போடல, போடச் சொன்னேன், அவ்வளவுதான். அன்னைக்கு அத யாரும் தப்புன்னும் சொல்லல. இந்த இடத்துல நான் யார் பேர எழுத?”

வடிவம்மை பானைத் தண்ணீரைச் செடியில் படாமல் கல்லில் கொட்டிவிட்டு, பானையை மறுபடியும் கவிழ்த்து வைத்தார். உள்ளே போய்ப் பேனாவை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார்.

“ரொம்ப யோசிக்க வேண்டாம். கீழ எழுதப் போற பேரையே மேலயும் எழுதிருங்க.”