விசிலுக்கு முன் ஐந்து கேள்வி

குட்டப்பாறைத் துறையில் பரிசல் ஓட்டும் மூன்று பேரையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் பத்து மைல் சுற்றிப் பாலம் வழியாகவே போயிருப்பீர்கள். மாதையன், பச்சியப்பன், தொப்பையன் என்று பெயர். நல்ல மனுஷர்கள்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் விசில் ஊதினால்தான் துடுப்பைத் தொட வேண்டும். பழைய தலைவர் விசிலைக் கழற்றிப் பச்சியப்பனிடம் கொடுத்துவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். மூன்று நாளாகப் பரிசல் ஓடவில்லை. மாதையனுக்கு அந்த விசில் மேல் உயிர். யாருக்கும் தெரியாமல் அதற்கு ஒரு சிவப்புக் கயிறு வாங்கி மடியில் முடிந்து வைத்திருந்தான்.

தலைவராவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் பரிசல்காரர் சங்கத்திலிருந்து கருணாகரன் என்ற பயிற்சியாளர் வந்தார்.

"எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் 'ஏன்'னு அஞ்சு தடவை கேளுங்க. முதல் நாலு பதிலும் சும்மா ஊருக்குச் சொல்றது. அஞ்சாவதுதான் மனசுல இருக்கறது. அது தெரியாம யாரும் தலைவராகக் கூடாது," என்றார்.

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பச்சியப்பன் தன் கைவிரல்களை எண்ணிப் பார்த்தான். சரியாக ஐந்து இருந்தன.

சாயங்காலம் அக்கரையில் பஸ் பிடிக்கக் கருணாகரன் பரிசலில் ஏறினார். தொப்பையன் பழக்கதோஷத்தில் எதுவும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்துவிட்டான். பரிசல் சுற்றிக்கொண்டே ஆற்றோடு போனது. மூவரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"துடுப்புப் போடுங்கப்பா," என்றார் கருணாகரன்.

"விசில் ஊதலீங்களே சார்," என்றான் தொப்பையன்.

"யாராவது ஊதுங்க."

"தலைவருதான் ஊதணுங்க. தலைவரு இல்லீங்களே."

கீழே பாறைகளில் தண்ணீர் இரைவது கேட்டது. கருணாகரன் பக்கத்திலிருந்த மாதையன் தோளைப் பிடித்து, "இவர்தான் தலைவர்," என்றார். மாதையனின் கை தானாக மடியில் இருந்த சிவப்புக் கயிற்றுக்குப் போனது.

பச்சியப்பன் விடவில்லை. "ஏன் தலைவராகணும்?"

"ஊருக்கு உழைக்க."

"ஏன் உழைக்கணும்?"

"நாலு பேரு மதிக்க."

"ஏன் மதிக்கணும்?"

"மதிச்சாத்தான் சொன்ன பேச்சு கேப்பாங்க."

"ஏன் கேக்கணும்?"

"நான் ஊதுனா நீங்க துடுப்புப் போடணுமில்ல."

"ஏன் ஊதணும்?"

மாதையன் தலையைக் குனிந்துகொண்டான். "சத்தம் நல்லாருக்கும்."

தொப்பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனசுல இருந்தது வந்துருச்சு சார்," என்றான்.

பொதுச்சொத்து என்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்த விசிலைப் பச்சியப்பன் எடுத்துக் கொடுத்தான். மாதையன் அதில் சிவப்புக் கயிற்றைக் கோத்து, இரண்டு முடிச்சுப் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டான். இப்போது பாறைகள் கண்ணுக்கே தெரிந்தன.

"ஊதித் தொலைய்யா," என்றார் கருணாகரன்.

மாதையன் விசிலை வாயில் வைத்தான். கன்னம் உப்பியது. சட்டென்று ஏதோ ஞாபகம் வந்து வெளியே எடுத்தான்.

"ஏன் ஊதணும் சார்?"

"பாறையில மோதப் போறோம்."

"ஏன் மோதக் கூடாதுங்க?"

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா."

"ஏன் தெரியாதுங்க?" என்று மாதையன் பரிவோடு கேட்டான்.

பச்சியப்பன் மூன்றாவது விரலை மடக்கிவிட்டுக் கருணாகரன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "பதறாதீங்க சார். இதுவரைக்கும் நீங்க சொன்னது சும்மா ஊருக்குச் சொல்றது. இன்னும் ரெண்டு விரல் இருக்குது."