மாசிலாமணி எடுத்த நேர்காணல்

"பதில் எல்லாமே சரியாத்தான் சொல்றேன் மேடம். அப்புறம் ஏன் மார்க் போட மாட்டேங்கிறாங்க?"

வந்ததும் வராததுமாக மாசிலாமணி இப்படித்தான் ஆரம்பித்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துணை ஆட்சியர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் மூன்று தடவை பாஸ். நேர்காணலில் மூன்று தடவையும் அவுட். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை நான்காவது நேர்காணல். அதையும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அந்த வேலை கிடையாது.

நாச்சியார் மேடம் அவரைவிட ஏழு வயது சின்னவர். நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவரிடம் போய் வந்தவர்கள் பாஸாகி விடுவார்கள். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மேடம் தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இன்னைக்கு நீங்க கேள்வி கேளுங்க சார். ஒரு ஆள் வர்றாரு."

யார் என்று கேட்டதற்கு, வந்தால் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டுகிற சத்தம். காலை பதினோரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே வந்தவன் மேல் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அனுமதி கேட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

பெயர் என்ன என்றார் மாசிலாமணி.

"மாசிலாமணி. அப்பா பெயர் சங்கிலி. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன்."

தன் பெயர், தன் அப்பா பெயர், அப்பா பார்த்த வேலை. அவருக்குச் சுரீர் என்றது. ஆளை வைத்து நக்கல் பண்ணுகிறார்களா? திரும்பிப் பார்த்தார். மேடம் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

நம்மாள் விடுவாரா? நிலச் சீர்திருத்தம், குடிநீர், பேரிடர் மேலாண்மை என்று கேள்விகளை அடுக்கினார். வந்தவன் அத்தனைக்கும் பதில் சொன்னான். எல்லாம் மாசிலாமணியின் நோட்டில் இருக்கிற வரிகள், அச்சு அசலாக. அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கேயே விட்டான். தெரியாத கேள்விக்கு, மன்னிக்க வேண்டும் ஐயா என்று சொல்லி அளவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழக மாசிலாமணிக்கு இரண்டு மாதம் பிடித்திருந்தது.

முகம்தான் பிடிபடவில்லை. பார்க்கும்போது இருந்தது, கண்ணை எடுத்தால் மறந்துபோனது. மீசை உண்டா இல்லையா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தார்.

ஆனாலும் வழக்கமான கடைசிக் கேள்வியைக் கேட்டார். உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் எது?

நேர்காணலுக்குப் போகிற எல்லாரும் இதற்கென்று ஒரு சம்பவம் கைவசம் வைத்திருப்பார்கள். மாசிலாமணியுடையது இரவல். முன்பு படித்த பயிற்சி மையத்தில், ஜெயித்த ஒருத்தர் சொன்ன கதை. ஊரை மட்டும் மாற்றித் தனதாக்கிக்கொண்டார். அவர் தெருவிலும் ஒரு வருடம் வெள்ளம் வந்தது என்னவோ நிஜம்தான்.

வந்தவன் அந்தக் கதையைச் சொன்னான். கழுத்தளவு தண்ணீர், தோளில் ஒரு குழந்தை, கரை சேர்த்தது. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.

"இவரை எடுப்பீங்களா சார்?" என்றார் மேடம்.

குறை என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எடுக்க மாட்டேன் என்றார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"அப்போ, நோட்டுல இல்லாத கேள்வி ஒண்ணு கேளுங்க."

மாசிலாமணி வந்தவன் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"அந்தக் குழந்தையோட பேர் என்ன?"

வந்தவன் சிரித்தான். அதே அளவான சிரிப்பு. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. சிரிப்பு போகவே இல்லை. கண் இமைக்கவும் இல்லை.

"இவனுக்குத் தெரியாது மேடம்." மாசிலாமணி மேடம் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு?"

மாசிலாமணி தலை குனிந்துகொண்டார்.

"ரோகிணி. கீழ்வீட்டுப் பொண்ணு, நாலு வயசு. எங்க தெருவுல வெள்ளம் வந்த அன்னைக்கு மாமா, மாமான்னு கத்துச்சு. நான் தூக்கல மேடம். சர்டிபிகேட் பையைத் தலைமேல வச்சுக்கிட்டு மாடிப்படியில நின்னேன். எதிர்வீட்டு மெக்கானிக்தான் நீந்தி வந்து தூக்கிட்டுப் போனாரு."

பதினோரு வருடமாக, கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாதது. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வெட்கம் பார்க்காமல் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மேடம் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில், மாசிலாமணி இத்தனை நேரம் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

இப்போது மாசிலாமணி உட்கார்ந்திருந்தது வந்தவனின் நாற்காலி; அவனைக் காணோம். நாற்காலி ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

மேடம் பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரு?"