குரல் இருந்த டிஸ்க்

பாளையங்கோட்டையில், பழுதான கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் மாட்டிக்கொண்டதை மீட்டுக் கொடுக்கிற கடை ஷம்ஷாத்துடையது. அவளுக்கு வயது முப்பத்துநான்கு. மில் எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்த ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொன்று. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஞானாயுதமும் அவர் மனைவி கிரேஸும் வந்தார்கள். அவர் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கிரேஸ்தான் பேசினாள்.

"ஆப்பரேஷனுக்கு முந்தி இவுக பேசிப் பதிஞ்சு வச்சதெல்லாம் இந்த எஸ்எஸ்டி டிஸ்க்குலதான் இருக்கு. வியாழக்கிழமை மகளுக்குக் கல்யாணம். ஜெபம் இவுக குரல்லதான் போடணும். நேத்து கரண்டு போச்சு. அதுலேருந்து, கம்ப்யூட்டர்ல மாட்டினா எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது."

ஞானாயுதம் நோட்டில் எழுதிக் காட்டினார்: நாற்பத்தொரு பதிவு. வேறு பிரதி இல்லை.

அவர்கள் போனதும் ஆவுடையப்பன் கேட்டார்.

"கம்ப்யூட்டர்லயே ரிப்பேர்னு இருக்கே, அதக் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருமே டீச்சர். ஏன் கொடுக்கக் கூடாது?"

ஷம்ஷாத் ஒயரை எடுத்தாள். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல், படிக்க மட்டும் முடிகிற விதத்தில் இணைத்தாள். உள்ளதை உள்ளபடியே பிரதி எடுக்கத் தொடங்கினாள்.

டிஸ்க் பத்து நிமிடம் படிக்க விடும். பிறகு திரையிலிருந்து காணாமல் போகும். மின்சாரத்தை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். ஆவுடையப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைச் செய்தார். செவ்வாய்க்கிழமைக்குள் கிரேஸ் நான்கு முறை போன் செய்துவிட்டாள். நான்காவது முறை அழுதாள்.

"இன்னும் பிரதிதாம்மா எடுக்கோம்" என்று சொல்ல ஆவுடையப்பனுக்குக் கூச்சமாக இருந்தது.

புதன் காலை, நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு வந்திருந்தபோது டிஸ்க் நின்றது. அப்புறம் என்ன செய்தும் அது எழவில்லை.

ஷம்ஷாத் அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப ரிப்பேர் கொடுங்க அண்ணாச்சி."

கொடுத்தார். திரையில் வரிகள் ஓடின. நாலே நிமிடம். பிழைகள் திருத்தப்பட்டன, டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வந்தது. ஆவலாகத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. தனக்குப் புரியாததையெல்லாம் பிழை என்று ரிப்பேர் துடைத்திருந்தது.

"இதத்தான திங்கக்கிழமை அசல்ல கொடுக்கப் பார்த்தேன்" என்றார்.

அவள் அதற்குள் முதல் பிரதியின் பக்கம் திரும்பியிருந்தாள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் சிதைந்து கிடந்தது. அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஒலிப்பதிவும் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றில் முப்பத்தேழு கிடைத்தன. ஜெபம் இருந்தது. கடைசி ஆமென் மட்டும் அறுந்திருந்தது.

கிரேஸ் அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானாயுதம் கண்ணை மூடி, தன் குரலுக்கு உதடசைத்தார். குரல் அறுந்த இடத்திலும் உதடு அசைந்தது.

அவர்கள் போன பிறகு ஆவுடையப்பன் அந்த வெறும் பிரதியை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"ரிப்பேர் முடிஞ்சதும் டிஸ்க் நல்லா இருக்குன்னு சொல்லிச்சே டீச்சர். அது பொய்யா?"

"பொய் இல்ல அண்ணாச்சி. அந்தப் பிரதி டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு, காலியா."

ஷம்ஷாத் ஒயரைச் சுருட்டி வைத்தாள்.

"டிஸ்க் நல்லா இருக்கணும்னு அவுக நம்மகிட்ட வரல."