பொழுது சாய்வதற்குள் ஒரு வாக்கியம்

"நான் சொன்ன சொல் தப்பா டீச்சர்?"

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் கேட்டது இதைத்தான். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

சாராள் டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. யாரும் புழங்காத ஆங்கிலச் சொற்களைக் கற்றே தீருவேன் என்று வருகிறவர்களுக்கு அங்கே பாடம். ஒரு நாளைக்கு ஒரே சொல். காலையில் வாங்கிய சொல்லைப் பொழுது சாய்வதற்குள் யாரிடமாவது ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசிவிட வேண்டும். பேசவில்லையா, மறுநாள் புதுச் சொல் கிடையாது.

ஆவுடையப்பன் அப்படித் தவறியதே இல்லை. ஆபீஸ் சூப்பிரண்டு அல்லவா, வாயைப் பொத்திக்கொண்டு கேட்க ஆளுக்கா பஞ்சம்! ‘பெரெண்டினேட்’ என்றால் நாளை மறுநாளைக்குத் தள்ளிப்போடுவது. அதை லீவு கேட்டு வந்த கிளார்க் தலையில் இறக்கினார். ‘குவிட்நங்க்’ என்றால் ஊர்வம்பெல்லாம் தெரிந்துகொள்ளத் துடிக்கிறவன். அது எதிர்வீட்டுக்காரருக்குப் போனது. பாவம், அவர் நன்றி வேறு சொன்னார்.

"எந்தச் சொல் சார்?"

"லாக்ரிமோஸ். நீங்க குடுத்ததுதான். எதுக்கெடுத்தாலும் கண்ணீர் விடுறவங்களைச் சொல்றது."

"யாரைச் சொன்னீங்க?"

ஆவுடையப்பன் நடந்ததைச் சொன்னார்.

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தபோதுதான் மாமனார் இறந்த செய்தி வந்தது. அம்பாசமுத்திரம் போகிற வழியெல்லாம் மனைவி பிரமு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். இவர் மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தார். இவனெல்லாம் ஒரு மனுசனா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதையேதான் கேட்கிறேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சொல் இன்னும் பாக்கி. பிரமு வீங்கிய முகத்தோடு அவரிடம் வந்து ஏதோ சொன்னாள்.

அவர் மச்சினன் பக்கம் திரும்பினார். "மை வைஃப் இஸ் ரேதர் லாக்ரிமோஸ் டுடே" என்றார்.

மச்சினனுக்குப் புரியவில்லை. இவர் விடுவாரா? பிரமுவை நிற்க வைத்துக்கொண்டே பொருள் சொன்னார். லத்தீன் மூலம் வரைக்கும் போனார்.

கருமாதி முடிந்தும் பிரமு வீடு திரும்பவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை.

"உச்சரிப்பு சரி. பொருள் சரி. அழுத பொம்பளையத்தான சொன்னேன், இதுல என்ன குத்தம் டீச்சர்?"

"சொல் சரிதான் சார்."

"அப்ப அவ ஏன் வரல?"

ஆவுடையப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னைக்கே பேசியாகணும்னு சட்டம் போட்டது நீங்கதான?"

"நான்தான்" என்றார் டீச்சர். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்ப நீங்களே ஒரு சொல் குடுங்க. மன்னிப்புக் கேக்க எத்தனையோ அபூர்வமான சொல் இருக்குமே. அவ இல்லாத வீடு வீடாவா இருக்கு? அவ வந்தாப் போதும் எனக்கு."

டீச்சர் எழுந்து வெளியே போனார். வாசலில் தொங்கிய ‘ஒரு நாளைக்கு ஒரு சொல்’ போர்டைக் கழற்றி எடுத்து வந்து, எழுத்து தெரியாதபடி சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இனிமே சொல் கிடையாது. ஒரு கேள்விதான். அன்னைக்கு அவங்க உங்ககிட்ட வந்து என்ன சொன்னாங்க?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மச்சினன் தோளில் கிடந்த ஈரத் துண்டு ஞாபகம் இருந்தது. லத்தீன் மூலம் ஞாபகம் இருந்தது. பிரமுவின் வாய் அசைந்ததும் ஞாபகம் இருந்தது. என்ன சொன்னாள்?

"தெரியலையே டீச்சர்."

"போய்க் கேளுங்க."

"கேட்டா வந்துருவாளா?"

"போங்க சார்."

அம்பாசமுத்திரத்து வீட்டில் பிரமு அடுக்களைப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

"பிரமு, அன்னைக்கு நீ என்கிட்ட வந்து என்ன சொன்ன?"

அவள் கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அதுகூடவா காதுல விழல?"

"விழல."

பிரமு இன்னொரு காம்பை எடுத்து இலையை உருவினாள்.

"தனியா இருக்க முடியல, கொஞ்ச நேரம் எம் பக்கத்துல உக்காருங்கன்னேன்."

ஆவுடையப்பன் அந்தப் படியிலேயே, அவள் பக்கத்தில், பொத்தென்று உட்கார்ந்தார்.

பிரமு கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது அன்னைக்கு" என்றாள்.