அழுதானா, கூவினானா?

வெகுகாலத்துக்கு முன்னால் வெள்ளாற்றூர்க் கோட்டையைச் சிங்கபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் எப்போது மாலை போடுவார், எப்போது தண்டிப்பார் என்று அவருக்கே தெரியாது. வாள் பிடித்தவன் கண்ணீர் விட்டால் நாடு கடத்த வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

கோட்டை வாசல் காவலன் மாடப்பன். ஒருநாள் விடியற்காலையில், மதம் பிடித்த யானையொன்று ஆற்றங்கரையில் தங்கியிருந்த பெல் துரையின் கூடாரத்தை நோக்கி ஓடியது. மாடப்பன் மதில்மேல் ஏறித் தொண்டை கிழியக் கத்தினான். துரை விழித்து ஓடித் தப்பினார்.

மறுநாள் துரை சபைக்கு வந்து, மாடப்பனைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவர் துபாஷி அப்பாசாமி. ராஜா மாடப்பனைத் தளபதியாக்க நினைத்திருந்தார். அப்பாசாமியோ அந்தப் பதவியைத் தன் மைத்துனனுக்குக் கேட்டிருந்தார்.

"மகாராஜா, யானையைக் கண்டு இவன் அழுத சத்தத்தில்தான் துரை விழித்தாராம்" என்றார்.

ராஜாவின் முகம் கறுத்தது. "பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு."

மறுத்துச் சொல்ல வாய் திறந்தான் மாடப்பன். கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வீட்டில் மனைவி நிறைமாதம். அவளை எந்த ஊருக்கு நடத்திக் கூட்டிப்போவது?

மந்திரி சொக்கநாயகம் எழுந்தார். "துபாஷி, துரை சொன்ன வார்த்தை என்ன?"

"க்ரை. அழுகை என்று பொருள்."

"வேறு பொருள் கிடையாதா?"

"கிடையவே கிடையாது."

மந்திரி தமுக்கைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் தாமே கழுத்தில் மாட்டிக்கொண்டு, சபை நடுவே அடித்தபடி, "இதனால் சகலருக்கும் அறிவிப்பது" என்று கூவிக்கொண்டே துரையை நெருங்கினார். தம்மைச் சுட்டி, 'உங்கள் ஊரில் இவனுக்கு என்ன பெயர்?' என்பதுபோல் கையை விரித்தார்.

துரை சிரித்தார். "க்ரையர்."

"கேட்டீர்களா மகாராஜா? துபாஷி சொல்வது சரியென்றால், துரையின் ஊரில் தமுக்கடிப்பவன் தெருத்தெருவாக அழுதுகொண்டல்லவா போக வேண்டும்?"

சபை கொல்லென்று சிரித்தது. அப்பாசாமியின் தலை தானாகத் தாழ்ந்தது. "கூவினாலும் அந்த வார்த்தைதான், மகாராஜா" என்று முனகினார்.

"அப்படியானால் நீ கூவித்தான் துரையைக் காப்பாற்றினாயா?" என்றார் ராஜா.

மாடப்பன் தலையாட்டினான். நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. சட்டம் ஞாபகம் வந்து அவசரமாகத் துடைத்தான்; கண்ணீர் நிற்கவில்லை.

ராஜா அவன் கண்ணீரைச் சுட்டிக்காட்டினார். "துபாஷி, இதற்கு என்ன வார்த்தை?"

"இதுவும் க்ரைதான், மகாராஜா."

"யானைக்கு அஞ்சாதவன் அழுகிறான் என்றால் என் சட்டம்தான் தப்பு. இன்றோடு அது போயிற்று. தளபதி, எழுந்திரு. அப்பாசாமி, அந்தத் தமுக்கை மாட்டிக்கொள். வாள் பிடித்தவனும் அழலாம் என்று ஊரெல்லாம் கூவிவிட்டு வா."

சாயங்காலம் மாடப்பன் வீட்டில் சூடான கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது.

"யாருங்க அது, இப்படி அழுதுகிட்டே கூவுறது?" என்றாள் மனைவி.