ஆடாமல் நில்

முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர் பி.டி. மாஸ்டர் தங்கப்பழம். அவர் 'அட்டென்ஷன்' என்றால் மைதானத்தில் ஈ, எறும்பு அசையாது. ஓய்வு பெற்ற கையோடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான பயிற்சி நிலையத்தில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். கற்றுக்கொடுத்த ஜெயசீலிக்கு அவர் மகளைவிட வயது குறைவு.

ஏழு வயது சுடர்விழி திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடம் போக வேண்டும். வேன் படியில் தானாகவே காலைத் தூக்கி வைத்து ஏறினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவளோ நின்றால் இடமும் வலமுமாக ஆடுவாள். மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த பலகைப்படி முன்னால் அவளை நிறுத்தி, இரண்டு தோளையும் கெட்டியாகப் பிடித்தார்.

"ஆடாம நில்லு. இப்பக் காலத் தூக்கு."

தூக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார். நாலாம் தடவை அந்தப் பிள்ளை தன் கையைத் தானே கடித்துக்கொண்டது. பல் பதிந்த இடத்தில் ரத்தம். மாஸ்டர் சட்டென்று பிடியை விட்டார்.

ஜெயசீலி ஓடிவந்து மருந்து போட்டாள்.

"விழுந்திரக் கூடாதுன்னுதான் பிடிச்சேன் டீச்சர். சரியான பிடிவாதம். காலத் தூக்கவே மாட்டேங்கா. ஏன்?"

"அந்தச் சுவர்கிட்ட வாங்க மாஸ்டர். வலது தோளும் வலது பாதமும் சுவரோட ஒட்டி இருக்கட்டும். விலகக் கூடாது."

நின்றார்.

"இப்ப இடது காலத் தூக்கி நில்லுங்க."

இதென்ன பிரமாதம் என்று தூக்கினார். எழும்பின கால் தொப்பென்று தரைக்கே திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். மறுபடியும் தொப்பென்று விழுந்தது. முப்பது வருஷம் ஊருக்கே ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக் கொடுத்தவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"பிடிவாதமா மாஸ்டர்?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சுவர் என்னை என்ன செஞ்சுது டீச்சர்?"

"ஒண்ணும் செய்யல. இடது காலத் தூக்கணும்னா உடம்பு வலது பக்கம் சாயணும். உங்கள அந்தப் பக்கம் சாய விடல, அவ்வளவுதான்."

மாஸ்டர் தன் இரண்டு கையையும் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அது படி முன்னால் பழையபடி ஆடிக்கொண்டு நின்றது.

"அப்ப, திங்கட்கிழமை நான் எங்க பிடிக்கணும்?"

"பிடிக்காதீங்க. பக்கத்திலேயே இருங்க. அவ ஆடுறதுக்கு இடம் விட்டு நில்லுங்க."